பாதியில் நின்ற பதில்

என்னங்க,

சாப்பாடு அடுப்புமேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நைட் டியூட்டி முடிந்து அசந்து தூங்குகிறவரை எழுப்ப மனசு வரவில்லை. கோபமும் தீரவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டுத் தையல் கடைக்குக் கிளம்புகிறேன்.

நேற்று டாக்டர் என்னிடம்தான் கேட்டார். "வீட்டுல ஆக்சிஜன் மிஷின் வச்சுச் சமாளிக்கலாமா, இல்ல நுரையீரல்ல கெட்டுப்போன பகுதிய ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமாம்மா?"

"ஆபரேஷன்..." என்று ஆரம்பித்தேன். மூச்சு வாங்கியது. அதற்குள் நீங்கள், "வேணாங்கிறா டாக்டர், மிஷினே போதும்" என்று முடித்துவிட்டீர்கள்.

காய்கறிக்காரரிடமும் உங்கள் அக்காவிடமும் நான் பாதியில் விடுவதை நீங்கள்தான் முடித்து வைக்கிறீர்கள். இத்தனை வருஷமாக ஒருமுறைகூடத் தப்பானதில்லை. நேற்றுத் தப்பாகிவிட்டது. "ஆபரேஷன் பண்ணிக்கிறேன்" என்றுதான் சொல்ல வந்தேன். எழுதும்போது மூச்சு வாங்குவதில்லை, பாருங்கள்.

மிஷின்காரர் இன்று மத்தியானம் வருவார். வீம்புக்குத் திருப்பி அனுப்பாதீர்கள், ஆபரேஷன் வரைக்கும் அது வேண்டும். கட்டில் பக்கத்துப் பிளக்கில் மாட்டச் சொல்லுங்கள்.

சாயந்திரம் மறுபடி டாக்டரிடம் போகிறோம். நான் எவ்வளவு இழுத்தாலும் காத்திருங்கள். நடுவில் வாயைத் திறந்தீர்களோ, வெளியே உட்கார வைத்துவிடுவேன்.

சாவி பால் பைக்குள்.

இன்னொன்று. நேற்று நீங்கள் சொன்னது உங்கள் பயம் என்று தெரியும். எனக்கும் பயம்தான். அந்த ஒன்றை மட்டும் டாக்டரிடம் எனக்காக நீங்களே சொல்லிவிடுங்கள்.