முந்நூறுக்கும் நானூறுக்கும் நடுவில்

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். கடல் காற்றும் லீவு.

பொதுமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டு மிக்சி இன்று காலை ஆறே முக்காலுக்கு, தேங்காய்ச் சட்னி பாதியில், இயற்கை எய்தியது. அன்னாருக்கு வயது ஒன்பது. இரண்டு ஜார்களையும் ஒரு மூடியையும் தவிக்க விட்டுச் சென்றுள்ளார். இறுதி ஊர்வலம் இன்று மாலை, ரிப்பேர் கடை வரை, என் சைக்கிள் கேரியரில்.

இதைச் செய்தி வாசிக்கும் குரலில் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கரண்டி பறந்து வந்தது. அக்கா சிரிக்கவில்லை. ஒரு வாரமாகவே இப்படித்தான்.

காரணம் சனிக்கிழமை. சிதம்பரத்தில் மாவட்டப் போட்டி. அக்கா வினோதினி, பிளஸ் டூ, 400 மீட்டர். மைதானத்தை ஒரே ஒரு சுற்று. முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். பள்ளிக்கூடத்துக்காக அவள் ஓடும் கடைசி வருடம்.

போன வருடம் இதே போட்டி, விருத்தாசலத்தில். 300 வரை முதலில் வந்தவள் அங்கே நின்றுவிட்டாள். விழவில்லை. சுளுக்கு இல்லை. சும்மா நின்றாள். முழங்காலில் கை வைத்துக் குனிந்துகொண்டாள். மற்ற ஏழு பேரும் தாண்டிப் போனார்கள். பிறகு நடந்தே வந்து முடித்தாள்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் நான் சொன்னது: "வழி விடுங்க, முந்நூறு வருது." அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பியூன் வரைக்கும் அவள் பெயர் முந்நூறு. இதுவரை நான் வைத்த பெயர்களில் நன்றாக ஓடியது அதுதான். அவளைவிட நன்றாக.

கணக்கு ஹோம்வொர்க் போடவில்லை. மிக்சிக்குத் துக்கம் என்று சொல்லலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடியற்காலை மஞ்சக்குப்பம் மைதானம். புல்லில் பனி. இரண்டு நாய், நடைப்பயிற்சி தாத்தாக்கள் ஒரு டஜன்.

என் வேலை முயல் வேலை. 200 மீட்டர் குறியில் நிற்பேன். அவள் பத்தடி பின்னால் வரும்போது கிளம்பி ஓடுவேன், அவள் துரத்த வேண்டும். பி.டி. மிஸ் ஏற்பாடு. முன்னால் ஒரு முதுகு தெரிந்தால்தான் இவள் கால் ஓடும் என்று மிஸ்ஸுக்கு நம்பிக்கை. ஆக, கடலூர் மாவட்டத்தின் மிக முக்கியமான முதுகு என்னுடையது.

(நானூறு = நான் + ஊறு. ஆமாம், வேர்வையில்.)

இன்று 62 செகண்ட். அறுபதுக்குள் வந்தால்தான் மாநிலத்துக்கு வாய்ப்பு என்று மிஸ் கணக்கு. இன்றும் 300ல் தயங்கினாள். அரை அடி குறைந்த மாதிரி. மிஸ் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், பின்னால் வந்த காலடிச் சத்தம் மாறியது.

ஆணி வைத்த ஓட்ட ஷூவை, அதுதான் ஸ்பைக்ஸ், கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்நூறு, தண்ணி வேணுமா என்று கேட்டேன். பழக்கம்.

"டேய், சனிக்கெழம வரைக்கும் அந்தப் பேரச் சொல்லாத."

அது திட்டே இல்லை, பாராட்டு என்று விளக்கினேன். முந்த நூறு, அதுதான் முந்நூறு. முந்துவதற்கு இன்னும் நூறு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். நல்ல விளக்கம். இப்போது எழுதும்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

அவள் லேஸை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "போன வருஷம் ஏன் நின்னேன்னு எனக்கே தெரியாது. இப்ப ஏன் கால் நிக்கிதுன்னு தெரியும். அந்த எடம் வந்தாலே உன் கொரல்ல அந்தப் பேரு கேக்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

புழுக்கம். மிக்சி பிழைத்தது. முன்னைவிட சத்தம் ஜாஸ்தி.

விரதம் இரண்டாம் நாள். அந்தப் பெயர் மட்டும் இல்லை, ஓட்டம் பற்றிய எந்த ஜோக்கும் அவளிடம் சொல்வதில்லை என்று முடிவு. வாய் அரிக்கிறது. சொல்லாமல் வைத்திருப்பவை, அழுகிப் போவதற்கு முன் இங்கே:

1. சிதம்பரம் என்றால் தில்லை. தில் இல்லை என்பதைச் சேர்த்து எழுதினால் தில்லை.

2. எங்கள் ஊர் திருப்பாதிரிப்புலியூர். சிதம்பரத்துக்குப் பழைய பெயர் பெரும்பற்றப்புலியூர். ஒரு புலியூரிலிருந்து இன்னொரு புலியூருக்குப் போகிறது ஒரு பூனை.

3. அப்பா பண்ருட்டியிலிருந்து அரை கிலோ முந்திரி வாங்கி வந்திருக்கிறார். முந்திரி தின்றால் முந்துவாளாம். (இது என் ஜோக் இல்லை. அப்பா நிஜமாகவே நம்பிச் சொன்னது.)

4. அறுபதுக்குள் வருவாள், அறுபதாம் கல்யாணத்துக்குள்.

நாலாவது கொஞ்சம் மோசம். இருக்கட்டும்.

அக்கா முந்திரியை எண்ணாமல் தின்கிறாள். எதையும் கவனித்துத் தின்பதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு மெல்கிறாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சாயங்காலம் இடி. மழை வரும் என்று துணி எடுத்தோம். வரவில்லை. திரும்பக் காயப்போட்டோம்.

பையில் வைத்தவை: ஸ்பைக்ஸ், நம்பர் குத்த எட்டு ஊக்கு, துண்டு, குளுக்கோஸ், எலுமிச்சை இரண்டு, திருநீறு (அம்மா), சட்டைக்குள் செருக ரோஜா ஒன்று (அதுவும் அம்மா. மிஸ் எடுத்துவிடுவார்).

ஊக்கைச் சரிபார்த்துக்கொண்டே அக்கா எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். நாளைக்கு 300 குறிக்குப் பக்கத்தில், கயிறு ஓரமாக நான் நிற்க வேண்டும். அவள் வரும்போது கத்த வேண்டும்.

"என்னன்னு கத்தறது?"

"என் பேர. முழுப் பேர. அந்த எடத்துல உன் கொரல்ல வேற ஒண்ணு கேக்கணும்டா."

பிறகு, ஊக்கை டப்பாவில் போட்டு மூடிவிட்டு: "இந்த வாட்டியும் நின்னேன்னா ஸ்பைக்ஸ எட்டாங்கிளாஸ் புள்ள யாருக்காச்சும் குடுத்துடுவேன். அம்மாகிட்ட சொல்லாத."

மொட்டை மாடியில் ஒத்திகை. வி, னோ, தி, னி. நாலு எழுத்து. நூறு மீட்டருக்கு ஒன்று. மூன்றாவது முறை எதிர்வீட்டு மாமா என்ன ஆச்சு என்று வெளியே வந்துவிட்டார். குரல் போதும்.

ஆகஸ்ட் 9, சனி

இரவு ஒன்பது. வீடு. எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

ஐந்தரைக்கு பஸ். புதுச்சத்திரம் தாண்டி அக்கா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண் மூடியிருந்தாள். தூக்கம் இல்லை, இமை ஆடியது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மிஸ் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து உடம்பு சரியில்லையா என்றார்.

காலையில் முதல் சுற்று. அக்கா நான்காவது. பிரேக் மேல் கால் வைத்துக்கொண்டே ஓடினாள். எப்படியோ கடைசி ஆளாக இறுதிச் சுற்றுக்கு ஒட்டிக்கொண்டாள். கடைசியாக வந்தவளுக்கு எட்டாவது லேன்.

பலகையில் எட்டு என்று பார்த்ததும் மிஸ் முகம் செத்துவிட்டது. எட்டு என்றால் வெளி ஓரம். வளைவு பெரியது என்பதால் அந்த லேன் ஆளை மற்ற எல்லோருக்கும் முன்னால் நிற்க வைப்பார்கள். அப்படி நின்றால் கண்ணுக்கு எதிரே யாரும் கிடையாது, துரத்த ஒரு முதுகு கிடையாது. வருடம் முழுக்க முயலைக் காட்டி வளர்த்துவிட்டு, காட்டுக்குள் விடும்போது முயலே இல்லை.

அக்கா எலுமிச்சையை மோந்துகொண்டே இருந்தாள்.

இரண்டே முக்காலுக்கு அப்பா. பண்ருட்டி பஸ்ஸில் பாதி டூட்டியை இன்னொரு கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு காக்கிச் சட்டையோடு வந்துவிட்டார். அப்பா 400 மீட்டர் ஓட்டம் பார்ப்பது வாழ்க்கையில் முதல் தடவை. எட்டுப் பேரும் வந்து நின்றதும் பார்த்தார். ஏழு பேர் பின்னால் படிப்படியாக, இவர் பெண் மட்டும் எல்லோருக்கும் முன்னால். நேராகக் கொடி வைத்திருந்த அதிகாரியிடம் போய்விட்டார்.

"சார், எங்களுக்குச் சலுக வேணாம் சார். எல்லாரோடயும் சேத்து நிக்க வைங்க. அப்புறம் ஜெயிச்சாலும் பேச்சு வரும்."

மிஸ் ஓடிப்போய் இழுத்து வந்து விளக்கினார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஊருக்குள்ள போற வண்டியும் பைபாஸ்ல சுத்திப் போற வண்டியும் மாதிரி என்றார். ஆமாம் என்றார் மிஸ். அதற்குப் பிறகும் அப்பாவுக்கு முழுத் திருப்தி இல்லை.

நான் 300க்குப் போய்விட்டேன். எட்டாவது லேன் கயிற்றை ஒட்டியே வருகிறது. கை நீட்டினால் தொடலாம்.

துப்பாக்கி. முதல் நூறு: அக்கா காற்றோடு போனாள், யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இருநூறு: உள்லேன் பெண்கள் மூன்று பேர் எட்டிப் பிடித்துவிட்டார்கள். இரண்டாவது வளைவு: நாலு பேரும் ஒரே கோடு. 300ல் அவள் என்னைப் பார்த்தாள், நான் முழு மூச்சில் "வினோதினி" என்று கத்தினேன், அவள் கண் பெரிதானது, கால் நீண்டது. அங்கிருந்து புலிப் பாய்ச்சல். ஒருத்தியைத் தாண்டி, இன்னொருத்தியைத் தாண்டி, கோட்டில் நெஞ்சை நீட்டி.

இரண்டாம் இடம். மைக்கில் சொன்னார்கள். 59.6.

அறுபதுக்குள். மாநிலத்துக்குப் போகிறாள்.

கோட்டைத் தாண்டி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். அப்பா அவள் ஜடையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் அந்தக் காக்கிச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. அப்பா டிக்கெட் கிழிக்கும் விரலால் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகமூட்டம். திருவந்திபுரம் கோயில். அம்மா வேண்டுதல்.

ஓட்டத்தை இதுவரை ஆறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எதிர்வீட்டு மாமா, மிக்சி ரிப்பேர்காரர், மலைப்படியில் பூ விற்ற அக்கா, இன்னும் மூன்று பேர். முதல் தடவையில் நான் ஒரு முறை கத்தினேன். ஆறாவது தடவையில் நான்கு முறை.

படி இறங்கும்போது அம்மா என் தலையில் கை வைத்தாள். "பொறந்ததுலேந்து இந்த வாயி இன்னிக்கித்தான் உருப்படியா ஒரு வேல செஞ்சிருக்கு."

பொங்கல் பிரசாதம் இறங்கவில்லை. நெய் ஜாஸ்தி.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை, கடைசியில்.

காலை அசெம்பிளியில் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஒருவன்கூட. வகுப்பில் சாதிக்குக்கு ஏழாவது தடவையாகக் கதை சொன்னேன். மச்சான், கேட்டா நீயே ஓடுன மாதிரி இருக்குடா என்றான்.

சாயங்காலம் அக்கா நோட்டும் பேனாவுமாக வந்து எதிரே உட்கார்ந்தாள். மாநிலப் போட்டிக்கு முன்னால் சனிக்கிழமை ஓட்டத்தை நூறு நூறாகப் பிரித்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார் மிஸ். முதல் மூன்று நூறும் எழுதிவிட்டாள். கடைசி நூறு அவளுக்கு ஞாபகமே இல்லை. வெள்ளையாக இருக்கிறது என்கிறாள். நான்தான் பார்த்தேனே, சொல் என்றாள்.

அவள் எழுதியிருந்ததைத் தலைகீழாக நான் படித்தேன். 'எட்டாவது லேன். முன்னால் யாரும் இல்லை. 300ல் தம்பி குரல் கேட்டது. கால் நிற்கவில்லை.'

"நெசமாவே கேட்டுச்சாக்கா?"

"தெளிவாக் கேட்டுச்சுடா. அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."

இதை யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை இந்த நோட்டுக்கே பொய் சொல்லியிருக்கிறேன்.

நான் கத்தவில்லை.

அவள் வளைவு திரும்பி வந்தாள். கத்த வாயைத் திறந்தேன். நாக்கு நுனியில் வந்து நின்றது அவள் பெயர் இல்லை. மற்றது. ஒரு வருடப் பழக்கம், வேறு எதுவும் வர மறுத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். கண் தானாக மூடிக்கொண்டது. பக்கத்தில் ஸ்பைக்ஸ் சத்தமும் ஒரு மூச்சும் போயின. கண்ணைத் திறந்தது மைக்கில் பெயர் சொன்ன பிறகுதான். கடைசி நூறு பற்றி நான் ஏழு பேருக்குச் சொன்னதெல்லாம் அங்கே பக்கத்தில் நின்ற வேர்க்கடலைக்காரர் சொன்னது. புலிப் பாய்ச்சல் மட்டும் என் சொந்தச் சரக்கு.

யார் கூப்பிட்டு அவளுக்குக் கேட்டதோ தெரியாது. நான் பிறந்ததிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டதே அந்தச் சில நொடிகள்தான்.

இதை அவளிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, "கோட்டுல நெஞ்ச எந்தப் பக்கமாடா சாச்சேன்?" என்றாள்.

வலது பக்கம் என்று சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டாள்.