ஹப் சத்தமும் நாலாம் எண்ணிக்கையும்

02.02.2010, செவ்வாய்

காலையில் தூறல். பத்து மணிக்கு நல்ல வெயில். ஆஸ்பத்திரி மருந்தக யன்னலில் வரிசை வேப்பமரம் வரை. செவ்வாய் மனநலக் கிளினிக் நாள், எப்போதும் இப்படித்தான்.

இன்றும் என்மேல் முறைப்பாடு. ஒரு கிழவர் வரிசையில் நின்றே சத்தம் போட்டார்: "அந்தப் புள்ள குளிசை எண்ணி முடியக்குள்ள நம்மட வருத்தம் தானா மாறிரும்!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மறுபடி எண்ணினேன்.

கடைசி ஆள் ஏறாவூர் பஸ் கொண்டக்டர். பெயர் சலீம், ஐம்பது வயது இருக்கும். மருந்துத் துண்டில் ஹலோபெரிடோல், சின்ன அளவு. முப்பது குளிசை. எண்ணினேன். மறுபடி. மறுபடி. அவர் யன்னலில் கையூன்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், மூணு தரமும் முப்பதுதான். நாலாந்தரம் எண்ணினாலும் முப்பதுதான். நான் பஸ்ல ஆக்கள எண்ணுற மனிசன். எனக்கு விளங்கும்."

வெட்கம் வந்தால் என் கழுத்து இடப்பக்கம் வெட்டும். வெட்டியது. இரண்டு தரம். அவர் அதையே பார்த்தார். பிறகு அவரிடமிருந்து ஒரு "ஹப்!" கூடவே தோளில் ஒரு துள்ளல்.

"உங்களுக்குமா?" இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

எனக்கு முப்பத்தேழு வயது. என்னைப் போல இன்னொருவரை இன்றுதான் பார்க்கிறேன்.

வாங்க: மண்ணெண்ணெய், தேயிலை, இவருக்குச் சிவப்புப் பேனை. (இவர் = கணவர். பள்ளிக்கூட வாத்தியார்.)

03.02.2010, புதன்

வெயில். தன்னாமுனை வீட்டு வாசலில் இவர் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நிற்க, நான் கதவுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஏழு தரம். படலை வரை போய்த் திரும்பி வந்து இன்னும் இரண்டு.

"இழுங்க, இழுங்க. பெற்றோல் நிறைய இருக்கு" என்றார். கோபமே வராத மனிதர். அதுதான் எனக்குக் கோபம்.

கழுத்து வெட்டு சின்ன வயதிலிருந்தே. எண்ணுவதும் பழசு. பூட்டு மட்டும் சுனாமிக்குப் பிறகு. அப்போது கடற்கரைப் பக்கத்து மருந்தகத்தில் வேலை. சனிக்கிழமை நான்தான் பூட்டிவிட்டு வந்தேன். ஞாயிறு கடல் வந்தது. பிறகு போய்ப் பார்த்தால் கதவு நிலையோடு நிற்கிறது, பூட்டும் பூட்டினபடி. சுவர்தான் இல்லை. அன்று அங்கே நின்று ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. இவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

09.02.2010, செவ்வாய்

மதியம் புழுக்கம். சலீம் நானா வந்தார் (நானா = அண்ணன். இனி ச.நா.). அவருக்கு இன்று கிளினிக்கே இல்லை. பஸ் வழியில் நிற்கிறதாம், டயர் காற்றுப் போய்.

அவர் பஸ்ஸில் "ஹப்" சத்தத்தை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. கொண்டக்டர் கத்துகிறார், அவ்வளவுதான். பழைய டிரைவருக்குப் பழக்கம். புதிதாக வந்தவர் ஒவ்வொரு "ஹப்"புக்கும் பஸ்ஸை எடுத்துவிடுகிறார். வந்தாறுமூலையில் கம்பஸ் பிள்ளைகள் அரைவாசிப் பேர் ஏற, அரைவாசிப் பேர் பின்னால் ஓட, ச.நா. மிதிபலகையில் தொங்கியபடி "நான் சொல்லல்ல! நான் சொல்லல்ல!" என்று கத்த. சிரித்து என் வயிறு நொந்துவிட்டது.

சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடிக் கதை ஒன்றும் சொன்னார். "சென்றியில ஆமி ஏறினா பஸ்ஸே மூச்செடுக்காது மிஸ். எனக்கு அந்த நேரம்தான் வரும். ஒரு நாள் இறக்கி வச்சிட்டாங்க. பின்னேரம் வரைக்கும் வெயில்ல. அடக்க அடக்கக் கூடுது." சொல்லும்போதும் சிரிப்புத்தான். கண்ணில் சிரிப்பில்லை.

இத்தனை வருடம் மருந்து கேட்காதவர் இப்போது ஏன்? மகள் றிஸ்னாவுக்கு ஏப்ரலில் காவின், கலியாண ஒப்பந்தம். சபையில் எல்லாரும் அமைதியாக இருக்க, பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொற்களைச் சொல்லவேண்டும். "அதுக்கு நடுவில வந்திட்டா? சம்மந்தி வீட்டாக்கள் என்ன நினைப்பாங்க? என்ட தம்பி நிக்கட்டும் எண்டு யோசிக்கிறன்."

போகும்போது கேட்டார்: "நீங்க ஏன் மிஸ் டொக்டர்ட போகல்ல?"

யன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவள் அந்தப் பக்கம் போவது எப்படி?

16.02.2010, செவ்வாய்

போனேன். கிளினிக் முடிந்து, நோயாளர் இருக்கும் வாங்கு காலியான பிறகு. டொக்டர் என்னைவிட இளம் பெண். தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது, எனக்கு ஒரு பிஸ்கற் தந்தார்.

அவர் சொன்னதை மறக்குமுன் எழுதுகிறேன்.

"மூளைக்குள்ள ஆழத்தில ஒரு இடம். எந்த அசைவ விடுறது, எத மறிக்கிறது எண்டு பாக்கிற இடம். அங்க டோபமின் கூடுதலா வேலை செய்யுது எண்டு நினைக்கிறம். அதால விடக்கூடாத அசைவும் வெளிய வந்திருது. ஹலோபெரிடோல் அந்த டோபமின் போய் ஒட்டுற இடத்த மறிக்கும்."

"எண்ணுறது?"

"அதுக்குக் கிட்டத்தான், பக்கத்துப் பாதை. 'சரி, முடிஞ்சுது' எண்டு ஒரு சேதி வரணும். உங்களுக்கு அது வந்து சேருதில்ல. செரட்டோனின் பக்கம் வேலை செய்யிற குளிசை உதவும். ஏன் உதவுது எண்டு முழுசா ஒருத்தருக்கும் தெரியாது."

தெரியாது என்று சொன்னதும் அவரைப் பிடித்துப்போனது.

"கடல் வந்ததாலயா டொக்டர்?"

"கடல் கொண்டு வரல்ல. இருந்தத ஊதி விட்டிருக்கும்."

எழுதித் தந்தது ஃபுளூஒக்செற்றின். பல கிழமை பொறுக்கவேண்டும். கூடவே ஒரு பயிற்சி: ஒரே தரம் எண்ணி, பையில் போட்டு, கொடுத்துவிட்டு, மனம் பதறினாலும் பதறட்டும் என்று இருப்பது.

என் குளிசையை நானே எடுக்கக்கூடாது. கூட வேலை செய்யும் சாந்தி எண்ணித் தந்தாள், ஒரே தரம். வீட்டில் போய் நான் மூன்று தரம் எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. சாந்திமேல் எரிச்சல்.

23.02.2010, செவ்வாய்

வயல் வட்டை எல்லாம் அறுவடை, றோட்டில் நெல் காயுது. வரிசையில் முதல் பத்துப் பேருக்கு ஒரே தரம் எண்ணிக் கொடுத்தேன். பையைத் திரும்பக் கேட்க நீண்ட கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். பதினோராவது ஆளுக்கு நாலு தரம். பத்துப் பேர் பரவாயில்லை.

ச.நா.விடம் டோபமின் கதை சொன்னேன். யோசித்தார். "அப்ப மிஸ், டோபமின் டிரைவர், செரட்டோனின் கொண்டக்டர்?" அப்படி நேராகச் சொல்ல ஏலாது என்றேன். "ஏலும்" என்றார்.

16.03.2010, செவ்வாய்

சண்டை. ச.நா. ஆள் சரியில்லை. நடை இறுகி, வாய் காய்ந்து, கண் சொருகி. யாரையும் கேட்காமல் இரண்டு இரண்டாகப் போட்டிருக்கிறார். நேற்று பஸ்ஸில் நித்திரையாகிப் பயணிகளே மணியடித்து இறங்கினார்களாம்.

அதோடு கையை நீட்டுகிறார்: "காவினுக்கு முதல் நாள் போட இன்னும் பத்துத் தாங்க மிஸ். அண்டைக்கு ஒரு சத்தமும் வரப்படாது."

"தரமாட்டன் நானா."

"நீங்களுமா?" என்றார். அந்தச் சொல் குத்தியது. கழுத்து நாலைந்து தரம் வெட்டியது. ஆனாலும் கொடுக்கவில்லை. கையைப் பிடிக்காத குறையாக டொக்டரிடம் கூட்டிப்போனேன்.

டொக்டர் ஏசவில்லை. அளவைக் குறைத்தார். பிறகு கேட்டார், "பஸ் நிறுத்தத்துப் பேர்கள வரிசையாச் சொல்லிக் கூப்பிடுவீங்களே, அதுக்கு நடுவில வருமா?"

ச.நா. அங்கேயே சொல்லிப் பார்த்தார். செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான். வரவில்லை. முடித்த பிறகு இரண்டு "ஹப்".

"கவனமாப் பேசக்குள்ள அது ஒதுங்கி நிக்கும். பிறகு வந்தா வரட்டுமே."

முகம் கொஞ்சம் தெளிந்தது. என்னோடு பேசாமல் போனார்.

24.03.2010, புதன்

யன்னலில் ஒரு பிள்ளை, கையில் கலியாண அழைப்புக் காட். றிஸ்னா. வாப்பாவின் அதே கண்.

"தனக்குப் பதிலா சாச்சா நிப்பார் எண்டு வாப்பா சொல்றார் மிஸ். வாப்பா நிக்காட்டி எனக்குக் காவினே வேணாம் எண்டுட்டன். வீட்டில பெரிய சண்டை. நீங்க கட்டாயம் வாங்க. வாப்பாதான் தந்து விட்டவர், ஆனா உங்களோட கோபமாம்."

கோபம், ஆனால் காட். எனக்குச் சிரிப்பு. மத்தியானம் முழுக்க ஒரே தரம் எண்ணினேன் என்பதை மாலையில்தான் கவனித்தேன்.

11.04.2010, ஞாயிறு

கடும் வெயில். ஏறாவூர். கத்தரிப்பூ நிறச் சேலை. இவர் ஆண்களோடு முன்னறையில், நான் உள்ளறையில் பெண்களோடு, நடுவில் திரை. றிஸ்னாவின் உம்மா என்னைப் பிடித்துப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே இருத்திவிட்டார்.

ச.நா.வா தம்பியா, யார் நிற்கிறார் என்று உள்ளே யாருக்கும் தெரியாது. பேச்சு நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு குரல். ச.நா.தான். நிதானமாக, ஒரு சொல்லும் இடறாமல், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை. மாப்பிள்ளையின் பதில். முடிந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நானும்.

றிஸ்னா மட்டும் அழவில்லை. முகம் வெளிறி, மருதாணிக் கையால் என் விரல்களை நெரித்தாள்.

"மிஸ், வாப்பாட ஹப் சத்தம் வரல்லயே. ஒரு நாளும் இப்பிடி இருக்கமாட்டார். அவருக்கு ஏதும் செய்யுதோ?"

சொல்ல வாயெடுத்தேன். திரைக்கு அந்தப் பக்கம் "ஹப்!" பிறகு ஒன்று. பிறகு நாலைந்து, அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து. யாரோ ஒரு பெரிய மனிதர் சிரித்தார். அது மாப்பிள்ளையின் வாப்பாவாம். பிறகு சபையே சிரித்தது, ச.நா.வின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே.

றிஸ்னா மூச்சை விட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். வாப்பாதான்."