நாற்பத்தொன்றாவது கல்

அன்புள்ள நேசாவுக்கு,

கனடாவில் பனி கொட்டி விமானம் நின்றுபோனதற்கு நீ என்ன செய்வாய்? உன் அப்பாவின் அடக்கத்துக்கு நீ வரவில்லை என்று இந்தத் தீவில் யாரும் குறை சொல்லவில்லை.

அவர் அன்று கற்கோட்டைக்கு ஏன் போனார் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

ஜனவரிப் புயலில் கோட்டைச் சுவர் சரிந்ததும் நான்தான் முதலில் ஓடினேன். கருப்பு மண்ணில் எலும்பு ஊசி, பாதிச் சீப்பு. பழைய எலும்பு நாக்கில் ஒட்டுமே என்று வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. எலும்பேதான். உனக்குப் படம் அனுப்பினேன். உன் தொல்லியல் ஆய்வே இந்த மண்தான், ஏப்ரலில் வருகிறேன், ஒரு கல்லையும் தொட விடாதே என்றாய். ஊர் முழுக்கச் சொன்னேன். உன் அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

நம் வயல்களின் கற்சுவர்களுக்குக் கதவு ஏது? கல்லைப் பிரித்து மாட்டை விட்டு, திரும்ப அடுக்குகிறோம். விழுந்த சுவரைக் கண்டால் அவரால் தாண்டிப் போக முடியாது. மண்ணை வாரிக் கொட்டி, எலும்புகளைக் கல்லிடுக்கில் திணித்து, அழகாக அடுக்கிவிட்டார். "எம்மவ வர்றப்போ கோட்டை பல்லு போன கெழவி மாதிரி கெடந்தா நல்லாவாடா இருக்கும்?" என்றார்.

அன்று மாலைதான் நீ போனில் அவரைத் திட்டினாய்.

மறுநாள் என்னிடம் வந்தார். "ஏய் யூடியூப் பேராசிரியரே, அடுக்குனதப் பிரிச்சா பழைய மாதிரி ஆவுமா?" என்று கேட்டார். கலைந்த மண் திரும்பாது என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆகும், ஒவ்வொரு கல்லிலும் எண் போட்டுப் பிரியுங்கள் என்றேன். சாக்பீஸ் கொடுத்ததும் நான்தான்.

கல் பிரிக்கையில் அவரைக் கொண்டுபோன நெஞ்சுவலி எப்படியும் வந்திருக்கும் என்கிறார் டாக்டர். என்னால் நம்ப முடியவில்லை. கோபப்பட வேண்டுமானால் என்மேல் படு. போனில் நீ சொன்னதை நினைத்து உன்னை வருத்திக்கொள்ளாதே. "அவ திட்டுறதும் என்னை மாதிரியே இருக்குடா" என்று சிரித்தார்.

நாற்பத்தொன்று வரை எண் போட்டிருக்கிறார். எல்லாம் புல்லில் வரிசையாக இருக்கின்றன. மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறேன், காற்று பிய்க்கிறது. சாக்பீஸ் எழுத்து மழைக்குத் தாங்காது.

அழியுமுன் வந்து பார்த்துவிடு.

உன்,
ரோனன்