வெள்ளைத் தாள் ஒட்டிய மூன்று துளைகள்

அன்பு மகள் யதுர்ஷாவுக்கு,

சனிக்கிழமை உன் அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அவருடைய வேட்டைத் துவக்கில் ஒரு பிழையும் இல்லை. இதை எழுதிவிட்டுத்தான் உன் சுகம் கேட்க முடிகிறது. நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், படிக்கப் போன த்ரொம்சோவில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, உடம்பை வருத்தாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். ஞாயிறு நீ தொலைபேசியில் கேட்டபோது எல்லாம் வழமைதான் என்றேன், அப்பா பக்கத்தில் இருந்தார். இப்போது அவர் வேலைக்குப் போய்விட்டார், அதனால் எழுதுகிறேன்.

இலையுதிர்கால வேட்டைக்கு முன் ஒவ்வொரு வருடமும் துவக்கின் குறியைச் சரிபார்த்து, தேர்வுச் சூடு சுட்டுத் தேற வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ட்வெய்ட்டா அடுக்குமாடிகளில் அப்பாவோடு பராமரிப்பு வேலை செய்யும் மார்க்கஸ்தான் அவரைத் தங்கள் எல்க் மான் வேட்டைக் குழுவில் சேர்த்தவர், அந்தத் துவக்கைக் கொடுத்தவரும் அவர்தான். காட்டில் அவருக்கென்று ஒரு இடம் காட்டி, பகல் முழுக்க ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லாமல் நிற்க விட்டது, இந்த நாட்டில் அப்பாவுக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று நான் நினைப்பேன். இந்த முறையும் உதயகுமாரி அன்ரி கடையில் கண்டு, "என்ன அஜந்தா, கந்தசட்டிக்கு முதல் உம்மட மனுசன் காட்டாலை வந்திடுவாரோ, இல்லாட்டி முருகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லவோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். வந்து அப்பாவிடம் சொன்னேன். "முருகனும் வேடனா வேசம் போட்டவர்தானே, அவருக்கு விளங்கும். அன்ரிக்குத்தான் விளங்காது" என்றார். அவர் பகிடி விட்டுக் கேட்டுக் கனகாலம், நான் நிறையவே சிரித்துவிட்டேன்.

சனிக்கிழமை சூட்டுத் திடலுக்கு நானும் போனேன். முதல் தோட்டாவைப் போட்டுக் குதிரையை இழுத்து விசையை அழுத்தினார், டிக் என்றது, வெடிக்கவில்லை. குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி கொஞ்ச நேரம் பொறுத்து, பிறகுதான் துவக்கை மடித்துத் திறந்தார்கள். தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியின் அடையாளம் மங்கலாக இருந்தது. மார்க்கஸ் ஊசியடியைத் துடைத்துப் பார்த்தால் துணியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது, இதென்ன வெண்ணெயா என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். துவக்கு எண்ணெய் முடிந்த நேரம் கைக்கு அகப்பட்ட தேங்காய் எண்ணெயைப் பூசியிருக்கிறார், நிலவறைக் குளிரில் அது உறைந்து ஊசியைப் பிடித்துக்கொண்டது. இனி வேட்டைக்குச் சட்டி கொண்டுவரத் தேவையில்லை, இதிலேயே பொரிக்கலாம் என்று மார்க்கஸ் சிரித்தார். அப்பாவுக்கு வெட்கத்தை விடச் சந்தோசம்தான் பெரிதாக இருந்தது. "பிடிச்சாச்சு அஜந்தா, பிழை அதுக்குள்ளதான் இருந்தது, போன கிழமையும் இதாலதான் வெடி சிதறினது" என்றார். சிதறியதற்கும் எண்ணெய்க்கும் தொடர்பில்லை என்று மார்க்கஸுக்குத் தெரியும், அவர் துணியை மடித்துப் பையில் வைத்தார்.

துடைத்துச் சரியாக்கிய பிறகு துவக்கு ஒவ்வொரு முறையும் வெடித்தது. ஆனால் ஒரு துளை மேலே, ஒன்று கீழே, ஒன்று கறுப்பு வட்டத்துக்கு வெளியே. எல்லாம் ஒரே பக்கம் விழுந்தால் குறிக்கண்ணாடியின் திருகைத் திருப்பிச் சரிப்படுத்தலாம், இப்படிச் சிதறினால் எந்தப் பக்கம் திருப்புவது? கண்ணாடியைப் பிடிக்கும் ஆணிகளை இறுக்கினார். குழலுக்குக் கீழுள்ள முன்கட்டையின் ஆணி இளகியிருந்தது, அதையும் இறுக்கினார். துவக்கைத் தாங்க வைக்கும் மண்பை முன்கட்டையின் நுனியில் முட்டினால் குழல் எழும்பும் என்று மார்க்கஸ் சொல்ல, பையைத் துவக்கு மடியும் இடத்துக்குக் கிட்ட நகர்த்தினார். குழல் சூடேறினாலும் குறி நகருமாம், ஒவ்வொரு வெடிக்கும் இடையில் அது ஆறும்வரை தேத்தண்ணி குடித்தபடி இருந்தோம். கடைசியில் வேறு தோட்டாப் பெட்டி. ஒவ்வொன்றுக்குப் பிறகும் இனிச் சரி என்றார். நான் தொலைநோக்கியால் பார்த்துக் கொஞ்சம் பரவாயில்லை என்றேன். "நீர் பொய் சொல்லேக்கை மட்டும் நல்ல ஆறுதலாக் கதைக்கிறீர்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

பிறகு வேறு திருகாணிச்சாவி எடுக்கக் காருக்குப் போனார். மார்க்கஸ் பக்கத்து மேசைக்காரரோடு நின்றார். அப்பாவுக்குப் பாடப்புத்தகத்தை வாசித்துக் காட்டப் போய் வேட்டைப் பரீட்சையில் நானும் தேறினவள், உயிரைச் சுடத்தான் மனம் வரவில்லையே தவிர, கடதாசியைச் சுடலாம். மார்க்கஸைப் பார்த்தேன், அவர் தலையசைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார். மூன்று வெடி வைத்தேன். மூன்று துளையும் ஒரு இருபது குரோனர் காசுக் குத்தி மறைக்கும் அளவுக்குள் இருந்தன. இவ்வளவு நாளும் நான் ஒருமுறையாவது நன்றாகச் சுட்டதில்லை. மார்க்கஸ் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். திடல் பொறுப்பாளர் எல்லோரையும் சூட்டை நிறுத்தச் சொன்னதும் துவக்கை மடித்துத் திறந்து மேசையில் வைத்துவிட்டு இலக்குக்கு நடந்து போய், துளை மூடும் வெள்ளை ஒட்டுத் தாளை அந்த மூன்றின் மேலும் ஒட்டினேன். திரும்பி வரும்போது அப்பா மேசையில் இருந்தார், சாவியின் நுனி ஆணித் தலையைத் தேடிக்கொண்டிருந்தது.

நீ கவனித்திருக்க மாட்டாய், கோடை விடுமுறையில் வந்தபோது இவ்வளவு இல்லை. அப்பா பிடித்தால் கோப்பை தட்டில் சத்தம் போடுகிறது. ஹவுகெட்டோ நிலையத்துக்கு நடக்கும்போது வலது கை வீசாமல் பக்கத்தில் தொங்குகிறது. மகேசன் பெரியப்பாவுக்கும் கையில்தான் தொடங்கியது, பிறகு நடை, பிறகு குரல். கடைசி மாதங்களில் ஊருக்குப் போய் நின்று அண்ணனைக் குளிக்க வார்த்துச் சோறு ஊட்டியவர் உன் அப்பா. அது எப்படித் தொடங்கும் என்று எங்கள் எல்லோரையும் விட அவருக்குத் தெரியும். அதனால்தான் துவக்கைக் கழற்றிக் கழற்றிப் பார்க்கிறார். நானும் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துப் பார்த்தேன், மாத்திரை நடுக்கத்தைக் கொஞ்சக் காலம் அடக்கும், வருவதை நிறுத்தாது என்பதற்கு மேல் எந்தப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. வைத்தியரிடம் போவோம் என்று தடிமன், இருமலைச் சாட்டிக் கூப்பிட்டேன். "தடிமன் உமக்கோ எனக்கோ?" என்றார்.

காரில் வரும்போது, "இந்தத் துவக்குக்கு வயசு போட்டுது, வித்துப்போடுவம். வேறை ஒண்டு அடுத்த வருசம் பாப்பம்" என்றார். நான் ஓம் என்றேன். அடுத்த வருடம் என்று அவர் சொன்னதை நம்பின மாதிரியும் முகத்தை வைத்துக்கொண்டேன்.

நீ படிப்பை விட்டு ஓடிவரத் தேவையில்லை, வந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. இலையுதிர்கால விடுமுறைக்கு மட்டும் வா, வந்தால் அவருடைய கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கதை. அங்கே இருட்டத் தொடங்கிவிடும், வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டியை மேலங்கியில் கட்டாமல் வீதியில் இறங்காதே, மீனெண்ணெயை விட்டுவிடாதே. ஞாயிறு எடுக்கும்போது துவக்கைப் பற்றி மட்டும் கேட்காதே, மறந்தும் கேட்காதே. உன் கையும் காலும் உன் மனம் சொன்னபடி கேட்டு நீ நெடுங்காலம் வாழ வேண்டும், பிள்ளை. எனக்கு வேறு ஆசீர்வாதம் இப்போது தெரியவில்லை.

உன் அம்மா,
அஜந்தா பரமநாதன்
ஹவுகெட்டோ

பி.கு. இதைத் தபாலில் போடாமல் கைப்பையிலேயே வைத்திருந்தேன். துவக்கை மார்க்கஸின் தங்கை மகன் ஜோனாஸ் வாங்கினான். நேற்று அதே திடலில் தேர்வுச் சூட்டில் முதல் தடவையே தேறிவிட்டான். துளை எல்லாம் ஒரு கோப்பை வாய்க்குள் அடங்கும், அருமையான துவக்கு என்று நன்றி சொல்லப் பின்னேரம் அவனே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான். நான் குசினியில் நின்றேன். அப்பாதான் கதைத்தார்.