தெட்சிணாவின் வலது கை

நெரவி,
1983 ஆனி, வெள்ளிக்கிழமை

அன்புமிக்க தெட்சிணாமூர்த்திக்கு,

உன் சிலம்பக் கம்புக் கூட்டாளி சோமு எழுதுவது. இங்கே சொர்ணாம்பாள் சுகம். மாடு கன்று சுகம். நான் சாகவில்லை. பம்பாயில் உன் மகள் அல்லியும் மருமகனும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். உன்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இதை யாரோ எழுதித் தந்தார்கள் என்று நினைத்துவிடாதே. என் கைதான். நீ ஊரைவிட்டுப் போன பிறகு முதியோர் பள்ளியில் சேர்ந்தேன். மார்பில் கட்டுப் போட்டுக்கொண்டு வயலில் இறங்க முடியவில்லை. வீட்டில் கிடந்தால் சொர்ணாம்பாள் என் கட்டைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள். மங்கையர்க்கரசி என்று ஒரு பெண் சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுக்கிறது. என் சிலேட்டைப் பார்த்துவிட்டு, "என்ன தாத்தா, ஒவ்வொரு எழுத்தும் அடிபட்டுக் கெடக்குற மாதிரி இருக்கு" என்றது. இருக்கட்டும். அடிபட்டாவது வந்து சேர்கிறதே. திங்கட்கிழமை தொடங்கினேன், இன்றுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

பள்ளிக்கு வெளியே நான் முதலில் வாசித்த சொல் என்ன தெரியுமா? 'சண்டை'. காரைக்கால் டாக்கீஸ் சுவரொட்டியில் இருந்தது. நடுரோட்டில் நின்று சத்தமாக வாசித்தேன். பஸ்காரன் ஆரன் அடித்து, காது கேட்காதா பெரியவரே என்று திட்டினான். அவன் பஸ்ஸில் எழுதியிருந்த 'திருநள்ளாறு' என்பதையும் அவனுக்கே வாசித்துக் காட்டினேன். அப்புறம் டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். இங்கிலீஷ் படம். முகமூடி போட்ட ஒருவன் ஆகாயத்தில் பறக்கிறான். காரைத் தூக்கி அடிக்கிறான். அதற்குள் இருந்த நாலு திருடர்களும் நெல்லு மூட்டை பிரிந்த மாதிரி கொட்டுகிறார்கள். ஒருவனை அறைந்தால் அவன் மூன்று சுவரை உடைத்துக்கொண்டு போகிறான். துப்பாக்கிக் குண்டு அவன் நெஞ்சில் பட்டு நசுங்கி விழுகிறது. நான் விசிலடித்தேன். தையல் இழுத்தது, அப்போதும் அடித்தேன். மறுநாளும் போனேன்.

ஆனால் அவனுக்குக் காலடி சுத்தமில்லை தெட்சிணா. வீசுகிறான், அவ்வளவுதான். வீசின கையை நிறுத்தத் தெரியவில்லை. நீ என் மண்டைக்கு இறக்கிய கம்பு என் முடியைத் தொட்டு நின்றதே, அப்படி ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை. எதிரில் நிற்கிறவனெல்லாம் அவனுக்கு எதிரி. பாவம், அவனுக்குக் கூட்டாளியே கிடையாது.

இனி ஊர்ச் செய்தி. மாசித் திருவிழாவில் நடந்ததை ஊர் இன்னும் பேசுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு நீ வீசிய வாள், படுத்திருந்த என் நெஞ்சில் வைத்த வாழைக்காயை விட்டு என் மார்பில் இறங்கியதும் என் சட்டையில்லாத உடம்பிலிருந்து ரத்தம் மணலில் ஓடியது. அதைவிட என் கண்ணில் நிற்பது, சனம் உன்மேல் விழுந்ததுதான். கண்ணில் கட்டிய துணி கழுத்தில் தொங்க, நீ கையைக்கூடத் தூக்காமல் நின்றாய். பத்துப் பேரைக் கம்பில்லாமல் கிடத்தக்கூடியவன் நீ. கோயில் பந்தற்காலால் உன் முதுகில் அடித்தார்கள். வாயில் குத்தினார்கள். உன் பல் ஒன்று என் பக்கத்தில் வந்து விழுந்தது. விடுங்கடா என்று கத்தினேன். என் வாயில் ரத்தம்தான் வந்தது, சத்தம் வரவில்லை.

போலீசு வந்து கேட்டபோது வாழைக்காய் வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன். என் மகன் நடராசன்தான் கேட்கவில்லை. "வாய்க்காத் தண்ணித் தகராறுல வேணும்னே வெட்டிட்டான். அந்தக் கைய ஒடிச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்றான். அரிவாளோடு திருநள்ளாற்றில் உன் வீட்டுக்குப் போய், நீ இல்லாததால் உன் கம்புகளையெல்லாம் முறித்து, கூரை ஓட்டை அடித்து நொறுக்கிவிட்டு வந்தான். பம்பாய் விலாசம் கேட்டு எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருந்தான்.

போன வாரம் அல்லியின் கடிதம் வந்தது. எனக்கு வந்த கடிதத்தை நானே பிரித்து நானே வாசிப்பது இதுதான் முதல். கொல்லையில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் விரல் வைத்து, சந்தோஷமாகத்தான் வாசித்தேன். பாதியில் அந்த வரி வந்தது. நீ உன் வலது கையை அம்மியில் வைத்து, இடது கையால் குழவியைத் தூக்கிப் போட்டுக்கொண்டாய் என்று எழுதியிருக்கிறாள். இரண்டு விரல் நசுங்கிப் போயிற்றாம். கட்டை அவிழ்த்துவிட்டு மறுபடி குழவியைத் தேடுகிறாயாம். அவள் அதைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாளாம். நான் சரியாக வாசிக்கவில்லையோ என்று திரும்ப எழுத்துக்கூட்டினேன். அதேதான் இருந்தது.

அதை நடராசனுக்கு வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. நேற்று எங்கேயோ போய்விட்டு, கையெல்லாம் ஓட்டுத் தூளாக வந்தான். திருநள்ளாற்றுக்குப் போனியா என்று கேட்டேன். "மழ வருதுல்ல" என்று மட்டும் சொன்னான்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொல்லி எழுதவைக்க முடியாது. இதற்காகத்தான் எழுத்துக் கற்றேன் என்று வைத்துக்கொள். ஊர் நினைக்கிறது, கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டியதால் கை தவறியது என்று. நமக்குத் தெரியும், அப்படி இல்லை. நம் முறைப்படி, படுக்கிறவன்தான் வெட்டுகிறவனுக்குக் கண்ணைக் கட்டவேண்டும். நான்தான் கட்டினேன், மூக்கோரம் விரல் விட்டு வெளிச்சம் புகாமல் பார்த்துத்தான் கட்டினேன். நீ வாளால் காயைத் தொட்டு அளவெடுத்துவிட்டுப் பின்வாங்கினபோது, கட்டைவிரலால் துணியை மேலே தள்ளினாய். கீழே கிடந்த எனக்கு உன் கண் தெரிந்தது. என்னைப் பார்த்தாய். என் நரைத்த நெஞ்சைப் பார்த்தாய். இத்தனை வருடம் பார்க்காமல் வெட்டிய கை, பார்த்ததும் தவறிவிட்டது.

ஏன் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். காலையில் சொர்ணாம்பாள் உன்னிடம், "எனக்கு இவரு ஒருத்தருதாண்ணே" என்று கண்ணைக் கசக்கினாளாம். அவளே சொன்னாள். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் பார்த்தாய். அதற்குப்போய் கையைத் தண்டிக்கிறாயே. கை என்ன செய்யும்? அது என்னை அறிந்த கை. என் மூச்சு எங்கே ஏறும் எங்கே இறங்கும் என்று உன்னைவிட அதற்குத் தெரியும்.

தெட்சிணா, குழவியைத் தொடாதே. அந்தக் கைக்குக் கீழே என் உயிரை வைத்துக்கொண்டு தூங்குகிறவன் மாதிரி கிடந்திருக்கிறேன். அதை நசுக்க உனக்கு மட்டும் உரிமை இல்லை, என்னையும் கேட்கவேண்டும். நான் கொடுக்கமாட்டேன். ஒளிந்து பார்த்ததற்கு உன் முதுகில் ஓர் அடி பாக்கி இருக்கிறது, அதை நான் போட்டுக்கொள்கிறேன். உன்னைக் கூட்டிவர நடராசன் வருகிறான். இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அல்லியைவிட்டு, வரலாம் என்று ஒரு வரி எழுதச் சொல். அரிவாள் இல்லாமல் வருவான், நான் சோதித்து அனுப்புகிறேன்.

வருகிற மாசியில் மறுபடி வாழைக்காய் வைத்துப் படுக்கப் போகிறேன். தர்மகர்த்தாக்கள் வேறு ஆள் பார்க்கிறோம் என்றார்கள். தெட்சிணா வருவான், இல்லையென்றால் நான் மணலில் சும்மா படுத்திருப்பேன் என்று சொல்லிவிட்டேன். விரல் மடங்காவிட்டால் இடது கையால் பிடி. துணியை உன் விருப்பப்படி இறுக்கிக் கட்டுகிறேன்.

உன் இரண்டு கைகளும் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
சோமசேகரன்