பிரேமலாவுக்கு ஒரு கம்பைலர்

கூலாய்
4.3.2024

பிரேமலா அப்பாவுக்கு,

நாங்கள் நலம். சிறையில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

இதே விஷயத்துக்கு இது மூன்றாவது கடிதம். உங்கள் பதில்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மெர்சிங் சாலை விபத்தில் பிரேமலாவின் டேப்லட் உடைந்து எட்டு மாதம் ஆகிறது. படத்தைத் தொட்டால் தமிழில் பேசும் உங்கள் நிரல்தான் அவளுக்கு வாய். பதினான்கு வயதுப் பெண், சொல்ல முடியாமல் கையைக் கடித்துக்கொள்கிறாள். ஜாமீனில் வீட்டில் இருந்தபோது நிரலை வேறொன்றில் போட்டுத் தரக் கேட்டால் “மனசு சரியில்ல” என்பீர்கள்.

புது டேப்லட் வாங்கிவிட்டேன். உங்களோடு தொழிற்சாலையில் இருந்த செல்வா வந்து பார்த்தார். “நிரல இதுல ஓடுற மாதிரி மாத்தித் தர்ற கம்பைலர ரூபேன் சொந்தமா திருத்தி வச்சிருக்கான் அக்கா. எங்கயும் கிடைக்காது, அவன் எழுதி வச்ச மூல நிரல்லேர்ந்து கட்டணும். அதுக்குக் கணினிய எப்படித் தயார் பண்றதுன்னு அவனத்தான் கேக்கணும் லா” என்றார்.

மழையில் ஆளை இடித்ததே உங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பீர்கள். எழுதுங்கள்.

கஸ்தூரி

21.3.2024

அன்புள்ள கஸ்தூரி,

அலமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் ஒரு வன்தட்டு இருக்கும். மூலம் அதில்தான்.

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போடச் சொல். ஐம்பது ஜிபி காலியாக இருக்க வேண்டும். கம்பைலரைக் கட்டுவதற்கே இன்னொரு கம்பைலர் வேண்டும், சாதாரணமானது போதும். கோப்புறைப் பெயரில் இடைவெளி கூடாது. மூலம் இருக்கும் இடத்திலேயே கட்டாமல் பக்கத்தில் வேறு கோப்புறை திறக்கட்டும். கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் கொடுத்தால் நினைவகம் போதாமல் நின்றுவிடும். ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

அவள் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாதே. முழுவதும் கேள்.

உன்
ரூபேன்

கூலாய்
9.4.2024

திரு. ரூபேந்திரனுக்கு,

செல்வா அவசரப்பட்டு நான்கு வேலை கொடுத்ததில் முதல் தடவை நின்றுபோனது. இரண்டாகக் குறைத்தோம். ஞாயிறு மதியம் முடிந்தது.

பிரேமலா முதலில் தண்ணீர் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு படமாகத் தேடித் தொட்டாள்.

“கார். மழை. ஆள் கீழே. அப்பா இறங்கினார். ஆள் கை தூக்கினார். அப்பா பார்த்தார். கதவு பூட்டினார். போனோம்.”

மறுபடி கேட்டேன். அதே வரிசையில் தொட்டாள்.

அந்த ஆள், சுகுமாறன், நாற்பது நிமிடம் உயிரோடு கிடந்தார் என்று டாக்டர் கோர்ட்டில் சொன்னபோது நீங்கள் தலைகுனிந்து நின்றீர்கள். நான் உங்களுக்காக அழுதேன்.

நேற்று சுகுமாறன் வீட்டுக்குப் போய் அவர் மனைவி புஷ்பவள்ளியிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. “உங்க பிள்ளையக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வருவீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

இனி உங்களைப் பார்க்க வரமாட்டேன்.

கஸ்தூரி

20.4.2024

கஸ்தூரிக்கு,

பிரேமலா சொன்னது அத்தனையும் உண்மை. போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாம். பயந்துவிட்டேன்.

டேப்லட் விபத்தில் உடையவில்லை. வழியெல்லாம் “ஆள் கீழே, ஆள் கீழே” என்று தொட்டுக்கொண்டே வந்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தி, அதைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். அவள் பேசினால் இதைத்தான் சொல்வாள் என்று தெரிந்துதான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன். உன் மூன்றாவது கடிதத்தில், கையைக் கடித்துக்கொள்கிறாள் என்ற வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

இன்று காலை சிறை அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை போலீஸ் வருகிறது. தண்டனை கூடும். கூடட்டும்.

புஷ்பவள்ளியிடம் சொல்: பிள்ளை கோர்ட்டுக்கு வரவேண்டிய அவசியம் இருக்காது. நானே சொல்வேன்.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டாம்.

ரூபேந்திரன்