பாதிச் சொற்கள் என்னிடம், பாதி அண்ணியிடம்

என் பிரியமான அண்ணா, எங்கே இருந்தாலும் கையில் இருக்கிற ஒயரைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் இதைக் கேளுங்கள்.

நீங்கள் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. போன மாதம் ஒரு மதியம் செம்மநத்தத்தில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இடி இறங்கியது. டிவி, ஃப்ரிட்ஜ், சார்ஜில் கிடந்த உங்கள் லேப்டாப் மூன்றும் ஒன்றாகப் போயின. டிவி போனதற்கு யாரும் வருத்தப்படவில்லை. லேப்டாப்பில்தான் உங்கள் கிரிப்டோ வாலட் இருந்தது.

இதை வேறு பலரும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் ஏற்காட்டு லாட்ஜுகளுக்கும் எஸ்டேட் பங்களாக்களுக்கும் இன்டர்நெட் ஒயர் இழுத்து, கேமரா மாட்டிக்கொடுத்தவர். பெங்களூரிலிருந்து வந்து தங்கிய ஒருவருக்குக் கொஞ்ச காலம் தொலைவிலிருந்தே வேலை செய்துகொடுத்தார். அவர் கூலியைக் கிரிப்டோ நாணயமாக அனுப்பினார். அதை வைக்கத்தான் அந்த வாலட். லேப்டாப் போனாலும், இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்கள் கையில் இருந்தால் வேறு கம்ப்யூட்டரில் அதே வாலட்டை மறுபடி உண்டாக்கலாம். சொற்கள் தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. அண்ணன் முதல் பன்னிரண்டைத் தன் மனைவி கோமதியிடமும், அடுத்த பன்னிரண்டைத் தங்கையான என்னிடமும் எழுதிக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்.

ஏன் அப்படிப் பிரித்துக் கொடுத்தீர்கள் அண்ணா? பத்திரத்துக்கா? இல்லை, நாங்கள் இரண்டு பேரும் என்றைக்காவது ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்றா?

இடி விழுந்த மறுநாள் அண்ணி ஏற்காடு பஜாரில் இருக்கும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இரண்டு வருடத்தில் முதல் தடவை. உள்ளே வரவில்லை.

"ஏன் செல்வி, அவரு உன்கிட்ட ஒரு கவர் குடுத்தாராமே. அது இருக்குதா?"

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'கண்ணு' என்று கூப்பிட்ட வாய்.

"இருக்குதுங்க அண்ணி. உள்ள வாங்க."

"இல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நம்ம பொண்ணு யாழினியக் காலேஜ்ல சேக்கணும். கீழ சேலத்துல ஒருத்தர், அந்த வார்த்தைகள அனுப்புனா அஞ்சு நிமிஷத்துல தொறந்து தர்றேன்னாரு. எனக்கு மனசு ஒப்பல. நீயே பாத்துக் குடுத்தா தேவலை."

நல்லவேளை அண்ணா, அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அந்த ஆள் தனக்குத்தான் திறந்துகொண்டிருப்பான்.

அண்ணி ஏன் உள்ளே வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வலி என்று உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, அடிவாரம் சேர்வதற்குள் உங்கள் மூச்சு நின்றுவிட்டது. காலையிலேயே உங்களுக்குத் தோள் வலித்தது என்று மறுநாள் யாரோ சொன்னார்கள். சொந்தபந்தம் அத்தனை பேரும் கூடியிருந்த இடத்தில் நான் அண்ணியைப் பார்த்துக் கத்தினேன்: "காலையிலயே கீழ கூட்டிட்டுப் போயிருந்தா எங்கண்ணன் பொழைச்சிருப்பாரு. நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" அண்ணி பதில் சொல்லவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பதில் இல்லாததால்தான் சொல்லவில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கவரை எடுத்துக்கொண்டு செம்மநத்தம் போனேன். யாழினி பள்ளியில் வாங்கிய லேப்டாப்பில், சரியான தளம்தானா என்று இரண்டு முறை பார்த்து வாலட்டை இறக்கினேன். அண்ணி தன் தாளைப் பார்த்துப் பன்னிரண்டு சொற்களை எழுத்து எழுத்தாகச் சொன்னார்கள். பிறகு நான் என்னுடையதை அடித்தேன். ஒரு சொல்லைக்கூட இங்கே எழுத மாட்டேன், பயப்படாதீர்கள்.

வாலட் திறந்தது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று உடனே காட்டவில்லை. உலகத்தில் அந்த நாணயத்தில் நடந்த எல்லாப் பரிமாற்றமும் பக்கம் பக்கமாக ஒரு நீளமான சங்கிலியில் கோத்திருக்கிறதாம். முதல் பக்கத்திலிருந்து படித்து, இதில் நம்முடையது எது என்று அதுவே தேட வேண்டுமாம். என் போன் நெட்டில் அது நகர்ந்த வேகத்தைப் பார்த்திருந்தால் நீங்களே சிரித்திருப்பீர்கள். மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடும். லேப்டாப் தூங்கினால் தேடலும் நின்றுவிடும். சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நூற்றில் ஒரு பங்குகூட முடியவில்லை. அதுவரைக்கும் நானும் அண்ணியும் பேசிக்கொண்டது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். எல்லாம் "காப்பி குடிக்கறயா", "சார்ஜர் எங்கங்க" வகை.

லேப்டாப்பை நான் வேலை செய்யும் லாட்ஜுக்குக் கொண்டுவந்தேன். ரிசப்ஷனுக்குப் பின்னால் இருக்கும் அறையில் நீங்கள் இழுத்துவைத்த ஒயரிலேயே சொருகினேன். வாலட்டின் உதவிப் பக்கங்களை எல்லாம் படித்தேன். வேகமாக முடிக்க ஒரு வழி இருந்தது. வாலட்டை முதலில் உண்டாக்கிய தேதியைச் சொன்னால், அதற்கு முந்தைய வருடங்களை அப்படியே தாண்டிவிட்டு அங்கிருந்து படிக்குமாம்.

எனக்குத் தேதி தெரியும் என்று நினைத்தேன். நீங்கள் எனக்குக் கவர் கொடுத்தது யாழினி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய மாதம். அந்த மாதத்தையே போட்டேன். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், போன் கையில்தான் இருந்தது.

மறுநாள் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அண்ணியை வரச் சொன்னேன். ஈரக் குடையை வாசலில் விரித்துவைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்கள். திரையில் இருந்தது பூஜ்யம். வந்தது ஒன்றும் இல்லை, போனது ஒன்றும் இல்லை.

அண்ணா, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த ஒரு கணம் எனக்குள் கேவலமான எண்ணம் ஒன்று எழுந்தது. லேப்டாப் இரண்டு வருடமாக இவர்கள் வீட்டில்தானே இருந்தது என்று. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அண்ணி என் முகத்தைப் படித்துவிட்டார்கள்.

"நான் எதையும் தொடல செல்வி," என்றார்கள். கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "தேதி என்ன போட்ட?"

சொன்னேன்.

"அது கவர் குடுத்த மாசம். அவரு அதுக்கு நொம்ப முன்னாடியே ஆரம்பிச்சுட்டாரு. பணமெல்லாம் வந்து முடிஞ்சப்பறந்தான் கவரே எழுதுனாரு. அவரோட வேலை நோட்டுல இருக்கும், பாத்துச் சொல்லட்டுமா?"

எவ்வளவு சாதாரணமான விஷயம்! நான் தாண்டச் சொன்ன வருடங்களில்தான் எல்லாமே இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். யாருக்கு எந்த நாளில் என்ன வேலை என்று ஒரு நாள் விடாமல் நீங்கள் எழுதிய நோட்டு. தேடினோம். கவர் மாதத்துக்கு இரண்டு வருடத்துக்கும் முன்னால், ஒரு எஸ்டேட்டில் கேமரா மாட்டிய நாளின் அடியில், 'வாலட் போட்டாச்சு' என்று ஒரு வரி. அதற்கும் ஒரு வாரம் முன்னால் இருந்து படிக்கட்டும் என்று தேதியைக் கொடுத்தேன். எவ்வளவு படித்தாகிவிட்டது என்று காட்டும் பட்டை திரையில் மெதுவாக நகர ஆரம்பித்தது. அண்ணி வெளியே காப்பி வாங்கப் போனார்கள்.

நான் சும்மா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் எழுத்தைப் பார்த்து நாளாகிவிட்டதல்லவா. கடைசியாக எழுதிய பக்கம் வந்தது. அது நீங்கள் போன நாள்.

'காலை எட்டு. செல்வி லாட்ஜ். மொட்டை மாடி ஒயர் மாற்றியது.'

திரும்பத் திரும்பப் படித்தேன். முந்தின நாள் சாயங்காலம் நான்தான் உங்களுக்குப் போன் செய்தேன். "நெட் போயிருச்சுண்ணா, கெஸ்ட்டெல்லாம் கத்தறாங்க, காலைல வந்துருங்க" என்று. மறுநாள் எனக்கு மதியத்துக்கு மேல் டியூட்டி. வந்தபோது நெட் வேலை செய்துகொண்டிருந்தது. கம்பெனி ஆட்கள் சரி செய்திருப்பார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் உங்களைப் பற்றிய போன் வந்தது. அப்புறம் நெட்டைப் பற்றி யார் நினைத்தார்கள்?

அண்ணி இரண்டு டம்ளரோடு உள்ளே வந்தார்கள். நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.  பார்த்ததும் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"அந்தப் பக்கத்தை உன் கண்ணுல படாம வெக்கணும்னு நெனச்சேன். தேதி தேடற அவசரத்துல மறந்துட்டேன்."

"உங்களுக்குத் தெரியுமாங்க அண்ணி?"

"தெரியாம? தோள் வலிக்குதுன்னாரு. வாங்க, சேலம் போயிரலாம்னேன். 'செல்வி கூப்புட்டுருக்கா, ஒரு மணி நேர வேலை, முடிச்சுட்டு வந்து போலாம்'னு வண்டிய எடுத்துட்டாரு. வந்து படுத்தவருதான்."

"அன்னைக்கு அத்தன பேரு முன்னால நான் அப்படிக் கேட்டேனே. நீதானடி கூப்புட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அண்ணி நோட்டை வாங்கி மூடி வைத்தார்கள்.

"சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லிருந்தா நீ அப்பறம் எந்திரிச்சு நடமாடிருப்பயா கண்ணு? பழி ஒருத்தி மேல இருந்தாப் போதும். ரெண்டு பேரும் எதுக்குச் சொமக்கணும்?"

கண்ணு என்றார்கள் அண்ணா.

நான் அழுதேன். முன்னால் ரிசப்ஷனில் யாரோ பெல் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அறைச் சாவி கேட்டு. அண்ணிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், "கொஞ்சம் உக்காருங்க, வருவாங்க" என்று சமாளித்துவிட்டு வந்தார்கள். அப்புறம் ஆறிய காப்பியையே குடித்தோம். "நீ கூப்புடலைன்னாலும் வேற யாராச்சும் கூப்புட்டிருப்பாங்க. அவரு போயிருப்பாரு. அவரு அப்படித்தான்," என்றார்கள். எனக்காகச் சொன்னார்களா, உண்மையிலேயே அப்படி நினைக்கிறார்களா, தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டீர்கள்.

வாலட் முழுவதும் படித்து முடிக்க மூன்று நாள் ஆனது. இன்னும் வேகமாக்க வழி இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கலாம். நான் தேடவில்லை. அண்ணி மூன்று நாளும் என் வீட்டிலேயே தங்கினார்கள். நீங்கள் தக்காளிச் சோற்றுக்கு ஊறுகாயைத் தேடி அலமாரியைக் கவிழ்த்த கதையைச் சொன்னார்கள். மழையில் நின்ற உங்கள் பைக்கை இரண்டு பேரும் ஒண்டிக்கடை ரவுண்டானா வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்த கதையைச் சொன்னார்கள். நான் நாலாவது படிக்கும்போது நீங்கள் எனக்குப் பதிலாக அடி வாங்கியதை நான் சொன்னேன். அது அண்ணிக்குத் தெரியாதாம். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது அவ்வளவு இருந்தது, அவர்களுக்குத் தெரியாதது இவ்வளவு இருந்தது. இரண்டு வருடம் இதை எல்லாம் ஆளுக்குப் பாதியாகப் பூட்டி வைத்திருந்தோம்.

மூன்றாம் நாள் மதியம் பட்டை நிறைந்தது. நீங்கள் வாங்கிய கூலி ஒவ்வொன்றும் வரிசையாக வந்து நின்றது. தொகையை எழுத மாட்டேன். அண்ணியை இனி கடன் கேட்க வைக்காது, அவ்வளவு போதும். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை வேல செஞ்சிருக்காரு, ஒரு நாளும் அலுப்பாச்சுன்னு சொன்னதில்ல" என்றார்கள். யாழினி கம்ப்யூட்டர் படிக்கச் சேலத்தில் சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லையாம். மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

போன வாரம் உங்கள் திதி. சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது, அன்றைக்கு இருந்த அதே ஆட்கள். இலை போடுவதற்கு முன்னால் நான் எழுந்து நின்று சொன்னேன்: "அன்னைக்கு அண்ணிய நான் தப்பாப் பேசிட்டேனுங்க. அண்ணனைக் காலைல வேலைக்குக் கூப்புட்டது நான். அண்ணி ஆஸ்பத்திரிக்குத்தான் கூப்புட்டிருக்காங்க. தெரிஞ்சும் எனக்காக வாயத் தொறக்கல." பெரியப்பா, "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்றார். இப்போது இல்லாமல் எப்போது அண்ணா? எல்லோர் காதிலும் விழச் சொன்னதை எல்லோர் காதிலும் விழத்தானே திரும்ப வாங்க வேண்டும்? திதிக்கு வராமல் போன சிலரும் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை அச்சில் கொடுப்பது அவர்களுக்காகத்தான்.

அண்ணி பரிமாறிக்கொண்டே வந்து என் இலையில் பாயாசத்தை ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார்கள். 

உங்களைக் கூப்பிட்டேனே என்பது என்னை விட்டுப் போகாது. போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் அண்ணா. இனி அண்ணி வாய் மூடி நிற்கிற இடத்தில், அவர்களுக்குப் பதில் இல்லை என்று நான் நினைக்க மாட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்பேன். எவ்வளவு நேரமானாலும் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையும், இப்போதுதான் கோமதி அண்ணிக்கு நாத்தனார் ஆனவளுமான,
செல்வி